கட்டற்ற மென்பொருள்: பெயர்களில் நாம் செய்யும் தவறுகள்

“லினக்ஸ் என்ற இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கி ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டார், அதை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் மாற்றி விற்கலாம்.” அறிமுகக் கட்டுரைகளில் இந்த மாதிரி வாக்கியத்தை அடிக்கடி பார்க்கலாம். படிக்கும்போது எதுவும் உறுத்தாது. ஆனால் 1991-ல் டோர்வால்ட்ஸ் வெளியிட்டது முழு ஆப்பரேட்டிங் சிஸ்டம் அல்ல, வன்பொருளையும் நிரல்களையும் இணைக்கும் அதன் மையப் பகுதியான கெர்னல் மட்டும். ‘ஓப்பன் சோர்ஸ்’ என்ற பெயர் 1998-ல்தான் புழக்கத்துக்கு வந்தது. அந்த முதல் வெளியீட்டை விற்கவும் முடியாது. விநியோகத்துக்குக் காசு வாங்கக் கூடாது என்று அதன் உரிமமே சொன்னது. இன்றைய லினக்ஸை மாற்றலாம், விற்கலாம், ஆனால் ‘எப்படி வேண்டுமானாலும்’ அல்ல.

கட்டற்ற மென்பொருள் உலகில் பெரும்பாலான பெயர்கள் யாரோ யோசித்து, வேண்டுமென்றே வைத்தவை. பெயருக்குள் ஒரு வாதம் இருக்கும், அல்லது ஒரு சட்ட நிலை இருக்கும், சில சமயம் வெறும் குறும்பு மட்டும் இருக்கும். அதனால் பெயர் தவறும்போது நாம் சொல்ல நினைக்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். எல்லாத் தவறுக்கும் ஒரே எடை கிடையாது. உரிமத்தின் பெயரைத் தவறாக எழுதினால் விஷயம் வக்கீல் வரை போகலாம். க்னூ என்ற திட்டத்தின் பெயரைத் தவறாக உச்சரித்தால் யாராவது முகம் சுளிப்பார்கள், அதோடு சரி. எங்கே கறாராக இருக்க வேண்டும், எங்கே விட்டுவிடலாம் என்பதுதான் தெரிந்துகொள்ள வேண்டியது.

விலையை வைத்து அடையாளம் காண்பது

எல்லோரும் முதலில் விழும் குழி இதுதான். கட்டற்ற மென்பொருளின் ஆங்கிலப் பெயர் ‘ஃப்ரீ சாஃப்ட்வேர்’ என்றதும் இலவசம் என்று எழுதிவிடுகிறோம். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983 செப்டம்பர் 27 அன்று, கட்டற்ற ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஒன்றை எழுதும் க்னூ திட்டத்தை அறிவித்தார். 1985-ல் ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் தொடங்கியது. அந்தக் காலத்தில் அவருடைய வருமானமே க்னூ ஈமாக்ஸ் என்ற எடிட்டர் நிரலை டேப்பில் பதிந்து 150 டாலருக்கு அனுப்பியதில் வந்ததுதான். இயக்கத்தின் முதல் பெரிய மென்பொருளே காசுக்கு விற்கப்பட்டது, அதில் எந்த முரண்பாடும் இல்லை. மென்பொருளை இயக்க, படித்து மாற்ற, பகிர, மாற்றியதையும் பகிர உரிமை உண்டா என்பதே அளவுகோல். விலை அந்தப் பட்டியலில் எங்குமே கிடையாது.

மேலே சொன்ன 1991 கெர்னல் இதற்கு மறுபக்கம். காசில்லாமல் கிடைத்தது, மூல நிரலும் (புரோகிராமர் எழுதிய வடிவம்) கிடைத்தது, ஆனாலும் அது கட்டற்ற மென்பொருள் அல்ல. காசு வாங்கி விநியோகிக்கும் உரிமை மறுக்கப்பட்டிருந்தது. 1992-ல் டோர்வால்ட்ஸ் அதை க்னூ திட்டத்தின் ஜிபிஎல் (ஜெனரல் பப்ளிக் லைசென்ஸ்) உரிமத்துக்கு மாற்றிய பிறகுதான் கட்டற்றதாக ஆனது.

இதே குழப்பத்தின் தம்பி ஒன்று உண்டு: ‘வணிக மென்பொருள்’ என்பதைக் கட்டற்ற மென்பொருளுக்கு எதிர்ப்பதமாக எழுதுவது. எதிர்ப்பதம் ‘தனியுடைமை மென்பொருள்’. ரெட் ஹேட் நிறுவனம் கட்டற்ற மென்பொருளை வைத்தே வியாபாரம் செய்தது; 2019-ல் ஐபிஎம் அதை 34 பில்லியன் டாலர் கொடுத்து வாங்கியது. அதை வணிகம் இல்லை என்று யார் சொல்வது? இன்னொரு பக்கம், ‘ஃப்ரீவேர்’ என்ற பெயரில் வருபவற்றில் பெரும்பாலானவை காசில்லாமல் கிடைக்கும் தனியுடைமை மென்பொருள்கள். மூல நிரல் கண்ணில் படாது.

அந்த நான்கு உரிமைகளுக்கு 0, 1, 2, 3 என்று எண் போட்டிருப்பதைப் பலர் புரோகிராமர்களின் விளையாட்டு என்று விளக்குகிறார்கள். உண்மைக் காரணம் இன்னும் சாதாரணமானது. முதலில் மூன்றுதான் எண்ணிட்டு இருந்தன. மென்பொருளை எந்த நோக்கத்துக்கும் இயக்கும் உரிமையையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று பின்னால் தோன்றியது. அது மற்ற மூன்றுக்கும் அடிப்படை என்பதால் முன்னால் வர வேண்டும். பழைய எண்களை மாற்றவும் மனமில்லை. பூஜ்யத்தில் வைத்துவிட்டார்கள்.

ஓப்பன் சோர்ஸ் என்றால்

1998 ஜனவரியில் நெட்ஸ்கேப் நிறுவனம் தன் பிரவுசரின் மூல நிரலை வெளியிடப் போவதாக அறிவித்தது. அந்தச் சூட்டோடு பிப்ரவரியில் சிலர் கூடிப் பேசினார்கள். ‘ஃப்ரீ’ என்ற சொல் நிறுவனங்களைப் பயமுறுத்துகிறது, வேறு பெயர் வேண்டும் என்பது பேச்சு. கிறிஸ்டின் பீட்டர்சன் முன்வைத்த பெயர் ‘ஓப்பன் சோர்ஸ்’. எரிக் ரேமண்டும் புரூஸ் பெரன்ஸும் அதே ஆண்டு ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் அமைப்பைத் தொடங்கினார்கள். அதன் வரையறை வானத்திலிருந்து குதிக்கவில்லை. லினக்ஸ் கெர்னலை முழு ஆப்பரேட்டிங் சிஸ்டமாகத் தொகுத்துத் தரும் டெபியன் திட்டம் 1997-ல் தனக்காக எழுதிக்கொண்ட விதிமுறைகளைச் சற்றே மாற்றி எடுத்துக்கொண்டதுதான்.

இந்த வரலாறு தெரிந்தால் மூன்று தவறுகள் தாமாகவே விலகும். 1980-களின் ஸ்டால்மனை ‘ஓப்பன் சோர்ஸின் தந்தை’ என்று எழுத மாட்டோம். அப்போது அந்தப் பெயரே இல்லை, அவரும் அந்தப் பட்டத்தை ஏற்பவர் அல்ல. பயனரின் சுதந்திரம் என்ற நியாயத்தை ஓரம் வைத்துவிட்டு, நல்ல நிரல் எழுதும் வழி என்று மட்டும் பேசுவதாக அவர் அந்தப் பெயர்மீது குறை சொல்கிறார்.

அடுத்தது, ஜிபிஎல் என்றால் ‘ஃப்ரீ’, எம்ஐடி அல்லது அப்பாச்சி உரிமம் என்றால் ‘ஓப்பன்’ என்று பிரிப்பது. அனுபவம் உள்ளவர்களே இதைச் சொல்லக் கேட்கலாம். இரண்டு முகாம்களும் ஏற்கும் உரிமங்கள் கிட்டத்தட்ட ஒன்றேதான். எம்ஐடி உரிமத்தை ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனும் கட்டற்றது என்றே சொல்கிறது. ஜிபிஎல்லை ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவும் அங்கீகரித்திருக்கிறது. சண்டை கொள்கையில். உரிமங்களைப் பிரிக்கும் கோடு வேறு இடத்தில் ஓடுகிறது: மாற்றிய நிரலை வெளியிடும்போது அதே உரிமத்தில் கொடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துபவை ஒரு பக்கம், கட்டாயப்படுத்தாதவை மறுபக்கம்.

மூன்றாவதுதான் இப்போது அதிகம் வலிக்கும் தவறு. மூல நிரல் பார்க்கக் கிடைக்கிறது, அதனால் ஓப்பன் சோர்ஸ் என்று நம்பிவிடுவது. மோங்கோடிபி என்ற டேட்டாபேஸ் 2018-ல் எஸ்எஸ்பிஎல் என்ற உரிமத்துக்கு மாறியது. ஹாஷிகார்ப் 2023 ஆகஸ்டில் டெர்ராஃபார்ம் உள்ளிட்ட தன் மென்பொருள்களை பிஎஸ்எல் என்ற உரிமத்துக்கு மாற்றியது. இரண்டிலும் நிரலைப் படிக்கலாம், மாற்றலாம். ஆனால் எஸ்எஸ்பிஎல்லில், மென்பொருளைப் பிறருக்குச் சேவையாக நடத்தினால் அந்தச் சேவையை நடத்தப் பயன்படும் மற்ற நிரல்களையும் வெளியிட வேண்டியிருக்கும். ஹாஷிகார்ப்பின் உரிமத்தில், அவர்களோடு போட்டி போடும் சேவைக்குப் பயன்படுத்தக் கூடாது. இரண்டுமே ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவின் அங்கீகாரம் பெறாதவை. இவற்றுக்கு ‘மூலம் பார்க்கக் கிடைப்பது’ என்று தனியாகச் சொல்வதுதான் நேர்மை. ஒரு திட்டம் ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஓப்பன் சோர்ஸாக இருந்தது என்பதை வைத்து இன்றும் அப்படியே இருக்கும் என்று எழுதாதீர்கள். பதிப்புக்குப் பதிப்பு உரிமக் கோப்பைத் திறந்து பாருங்கள்.

எந்த முகாமிலும் சேராமல் எழுத வேண்டுமா? ஃபாஸ் (ஃப்ரீ அண்ட் ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர்) அல்லது ‘லிப்ரே’ என்பதையும் சேர்த்த ஃப்ளாஸ் என்ற சுருக்கங்கள் அதற்காகவே இருக்கின்றன. கேட்க அழகாக இல்லை என்பது வேறு விஷயம்.

லினக்ஸா, க்னூ/லினக்ஸா

இதில் இரண்டு தரப்பும் தவறு செய்கிறது.

1991-க்குள் க்னூ திட்டத்திடம் ஈமாக்ஸ் இருந்தது, மூல நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் ஜிசிசி கம்பைலர் 1987-லிருந்து இருந்தது, கட்டளைகளை வாங்கி இயக்கும் பாஷ் ஷெல் 1989-லிருந்து இருந்தது, இன்னும் சின்னச்சின்னக் கருவிகள் ஏராளம் இருந்தன. இல்லாதது கெர்னல். அதற்காக 1990-ல் ஆரம்பித்த ஹர்ட் ஆமை வேகத்தில் நகர்ந்துகொண்டிருந்தது. ஹெல்சின்கியில் படித்துக்கொண்டிருந்த டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்ட் 25 அன்று தன் கெர்னல் முயற்சியைப் பற்றி அறிவித்தார். அதற்கு அவர் வைக்க நினைத்த பெயர் ஃப்ரீக்ஸ். ‘லினக்ஸ்’ என்ற பெயர் மனதில் இருந்தும், தன் பெயரையே வைப்பது தற்பெருமை என்று ஒதுக்கிவிட்டார். கோப்புகளை எஃப்டிபி சர்வரில் ஏற்றிக்கொடுத்த ஆரி லெம்கேவுக்கு ஃப்ரீக்ஸ் பிடிக்கவில்லை. கோப்புறைக்கு லினக்ஸ் என்று அவரே பெயர் போட்டுவிட்டார். அது நிலைத்துவிட்டது.

கெர்னலும் க்னூ கருவிகளும் சேர்ந்தால் முழு ஆப்பரேட்டிங் சிஸ்டம். அதை லினக்ஸ் என்று மட்டும் அழைத்தால் எட்டு வருட உழைப்பு காணாமல் போகிறது என்பது ஸ்டால்மனின் வாதம். 1993-ல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் இதை ஏற்று ‘டெபியன் க்னூ/லினக்ஸ்’ என்று பெயர் வைத்துக்கொண்டது. 1994 நவம்பரிலிருந்து ஓராண்டு ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனே டெபியனுக்கு நிதி உதவி செய்தது. வரலாறு எழுதுபவர்கள் 1991-லிருந்து கதையைத் தொடங்கினால் பாதிக் கதைதான் எழுதுகிறார்கள். இதில் ஸ்டால்மன் பக்கம் நியாயம் இருக்கிறது என்பதே என் கருத்து.

ஆனால் அந்த நியாயத்தைப் பிடித்துக்கொண்டு, லினக்ஸ் என்று வருகிற இடத்தில் எல்லாம் முன்னால் க்னூவை ஒட்டினால் அதுவும் பிழை. ஆண்ட்ராய்டில் லினக்ஸ் கெர்னல் இருக்கிறது, ஆனால் நிரல்கள் சார்ந்திருக்கும் அடிப்படைத் தொகுப்பான அதன் சி லைப்ரரி க்னூவுடையது அல்ல, பயானிக் என்ற வேறொன்று. கன்டெய்னர்களில் அதிகம் பார்க்கும் ஆல்பைன், மசல் லைப்ரரியையும் பிஸிபாக்ஸையும் வைத்து இயங்குகிறது. இவற்றை க்னூ/லினக்ஸ் என்பது இல்லாததைச் சொல்வது. இந்த வித்தியாசம் வெறும் மரியாதைப் பிரச்சினை அல்ல. க்னூவின் சி லைப்ரரிக்காகக் கம்பைல் செய்த ஒரு நிரல் ஆல்பைனில் ஓட மறுக்கும்போது, ‘லினக்ஸில் ஓடும்’ என்று எழுதி வைத்த ஆவணம் பொய்யாகிவிடும். அங்கே க்னூ என்ற முன்னொட்டு தொழில்நுட்பத் தகவல்.

கெர்னலைப் பற்றிப் பேசினால் லினக்ஸ். க்னூவின் லைப்ரரியும் கருவிகளும் முக்கியமான இடத்தில் க்னூ/லினக்ஸ். மற்ற இடங்களில் டெபியன், ஃபெடோரா, ஆல்பைன் என்று டிஸ்ட்ரோவின் (தொகுப்பின்) பெயரையே சொல்லிவிடுங்கள். கேட்பவருக்கு அதுதான் அதிகம் உதவும். அப்புறம், யாராவது வைஃபை வேலை செய்யவில்லை என்று உதவி கேட்கும்போது இடைமறித்து “லினக்ஸ் இல்லை, க்னூ/லினக்ஸ்” என்று திருத்தாதீர்கள். இயக்கத்துக்கு ஆள் சேர்க்கும் வழி அது அல்ல.

விரிவாக்கம் தேடி அலைவது

க்னூ என்பது ‘க்னூ இஸ் நாட் யுனிக்ஸ்’ என்பதன் சுருக்கம்; யுனிக்ஸ் அப்போது புழக்கத்தில் இருந்த ஓர் ஆப்பரேட்டிங் சிஸ்டம். முதல் எழுத்தை விரித்தால் மறுபடியும் க்னூ. விரித்துக்கொண்டே போகலாம், முடியாது. இது ஸ்டால்மனின் கண்டுபிடிப்பு என்று பலர் எழுதுகிறார்கள். அவர் வேலை பார்த்த எம்ஐடி வட்டாரத்தில் இந்த விளையாட்டு அதற்கு முன்பே இருந்தது. டெகோ என்ற எடிட்டரைப் போல ஒன்று செய்து, ‘டின்ட் இஸ் நாட் டெகோ’ என்று டின்ட் எனப் பெயர் வைத்தார்கள். ஈமாக்ஸ் போல ஒன்று வந்தபோது ‘ஐனெ இஸ் நாட் ஈமாக்ஸ்’. அதற்கு அடுத்தது ‘ஸ்வை வாஸ் ஐனெ இனிஷியலி’. ஜெர்மன் மொழியில் ஐனெ என்றால் ஒன்று, ஸ்வை என்றால் இரண்டு. பெயரைப் பார்த்தாலே வம்சாவளி தெரிந்துவிடும்.

‘யுனிக்ஸ் அல்ல’ என்பதை யுனிக்ஸ் மீதான வெறுப்பு என்று வாசிப்பதும் தவறு. க்னூ யுனிக்ஸோடு ஒத்துப்போகும்படியே திட்டமிடப்பட்டது; யுனிக்ஸில் பழகியவர் சிரமமில்லாமல் மாற வேண்டும் என்பது நோக்கம். அதன் நிரலிலிருந்து ஒரு வரிகூட எடுக்கவில்லை என்பதைத்தான் பெயர் சொல்கிறது. வைன் விஷயத்திலும் இதே கதை. ‘வைன் இஸ் நாட் அன் எமுலேட்டர்’ என்று பெயரிலேயே மறுத்தும், விண்டோஸ் எமுலேட்டர் என்றே எழுதுகிறார்கள். அது ஒரு கணினியைப் பாவனை செய்வதில்லை; விண்டோஸ் நிரல் கேட்பதை அந்தந்த நேரத்தில் யுனிக்ஸ் பாணி அழைப்புகளாக மாற்றிக் கொடுக்கிறது.

ஹர்ட் கெர்னல் இந்தப் பைத்தியத்தின் உச்சம். ஹர்ட் என்பதை விரித்தால் அதில் ‘ஹிர்ட்’ வரும், ஹிர்டை விரித்தால் அதில் ‘ஹர்ட்’ வரும். ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடும் இரண்டு பெயர்கள். கெர்னல் ஏன் முடியவில்லை என்று கேட்பவர்களுக்கு இது ஒரு குறிப்பு என்று கேலி செய்ய ஆசையாகத்தான் இருக்கிறது.

எல்லாப் பெயருக்கும் இப்படி விரிவாக்கம் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. பல பெயர்கள் வெறும் சிலேடை. ஸ்டீஃபன் போர்ன் எழுதிய ஷெல்லுக்கு மாற்றாக வந்தது, ‘மறுபிறவி எடுத்தது’ என்ற ஆங்கிலச் சொல்லோடு அவர் பெயரைப் பின்னி பாஷ் ஆனது. யாக் என்ற மாட்டின் பெயரைப் போல ஒலிக்கும் யாக் கருவிக்கு மாற்று, மாட்டினத்திலேயே இன்னொன்றான பைசன். பக்கம் பக்கமாகக் காட்டும் ‘மோர்’ கட்டளையைவிடக் கூடுதலாகச் செய்வது ‘லெஸ்’.

விரிவாக்கம் இருக்கும் பெயர்களிலும் அது நிலையானது அல்ல. ஜிசிசி முதலில் க்னூ சி கம்பைலர். பல மொழிகளைக் கையாளத் தொடங்கிய பின் க்னூ கம்பைலர் கலெக்‌ஷன். கிம்ப் என்ற பட எடிட்டரின் முதல் எழுத்து ஆரம்பத்தில் ‘ஜெனரல்’, பிறகு க்னூ. ஜிபிஎல்லின் தளர்த்திய வடிவமான எல்ஜிபிஎல்லின் முதல் எழுத்து 1991-ல் ‘லைப்ரரி’, 1999-ல் ‘லெஸ்ஸர்’. லைப்ரரி என்று இருந்தால் லைப்ரரிகள் எல்லாவற்றுக்கும் இதைத்தான் போட வேண்டும் என்று நினைக்கிறார்கள் என்பதால் மாற்றினார்கள். டெஸ்க்டாப்பின் பெயராகத் தொடங்கிய கேடிஈ இன்று ஒரு சமூகத்தின் பெயர். டெஸ்க்டாப்பின் பெயர் பிளாஸ்மா. பழைய விரிவாக்கத்தை அடைப்புக்குறிக்குள் போட்டு அறிவைக் காட்டுவதைவிட அந்தந்தத் திட்டம் இன்று தன்னை எப்படி அழைத்துக்கொள்கிறது என்று பார்ப்பது மேல்.

உச்சரிப்பு: க்னூவை ஜி-என்-யு என்று எழுத்துக்கூட்ட வேண்டாம், ‘நூ’ என்று முதல் எழுத்தை விழுங்கவும் வேண்டாம். ஒரே மூச்சில் க்னூ. தவறினால் குடி ஒன்றும் முழுகாது.

உரிமத்தின் பெயரைப் பாதியில் விடுவது

கறாராக இருக்க வேண்டிய இடம் இது. ‘இது ஜிபிஎல்’ என்று சொன்னால் போதாது. 1989, 1991, 2007 என்று மூன்று பதிப்புகள் உண்டு. அதிலும் ‘பதிப்பு 2 மட்டும்’ என்பதும் ‘பதிப்பு 2 அல்லது அதற்குப் பிந்தையது’ என்பதும் வெவ்வேறு. லினக்ஸ் கெர்னல் முதல் வகை. அப்படிப்பட்ட நிரலைப் பதிப்பு 3-ல் உள்ள நிரலோடு ஒரே புரோகிராமாக இணைத்து விநியோகிக்க முடியாது. இரண்டும் ஜிபிஎல் தானே என்று இணைத்தவர்கள் பிறகு பிரித்து எழுத வேண்டிவரும்.

‘பிஎஸ்டி உரிமம்’ என்பதும் அப்படித்தான். பழைய நான்கு விதி வடிவத்தில், விளம்பரங்களில் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. அதனால் அது ஜிபிஎல்லோடு பொருந்தாது. பெர்க்லி 1999-ல் அதை நீக்கியது. இன்று மூன்று விதி, இரண்டு விதி வடிவங்களே பெரும்பாலும் புழங்குகின்றன, ஆனால் எது என்று சொல்லாமல் தெரியாது. எம்ஐடி நிறுவனம் பல உரிமங்களில் மென்பொருள் வெளியிட்டிருக்கிறது; நாம் சாதாரணமாகச் சொல்லும் ‘எம்ஐடி உரிமம்’ அவற்றில் எக்ஸ்பாட் என்று அழைக்கப்படும் ஒன்று. இந்தக் குழப்பத்துக்காகவே எஸ்பிடிஎக்ஸ் என்ற குறியீட்டுப் பட்டியல் இருக்கிறது. நிரல் கோப்பின் தலையில் அந்தக் குறியீட்டை ஒரு வரியாகப் போட்டுவிட்டால் பின்னால் வருபவர் ஊகிக்க வேண்டியதில்லை.

சொந்தமாக உரிமம் எழுதும் ஆசையும் வேண்டாம். ஜேசான் என்ற தரவு வடிவத்துக்கான நிரலின் உரிமத்தில் ‘நன்மைக்கே பயன்படுத்த வேண்டும், தீமைக்கு அல்ல’ என்று ஒரு வரி சேர்த்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் எந்த நோக்கத்துக்கும் இயக்கலாம் என்ற பூஜ்ய எண் உரிமையோடு அது மோதுகிறது. ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் அதைக் கட்டற்றது அல்ல என்று ஒதுக்கிவிட்டது.

மாற்றியதையும் அதே உரிமத்தில் கொடுக்கக் கட்டாயப்படுத்தும் முறைக்குக் காப்பிலெஃப்ட் என்று பெயர்; அதைப் பதிப்புரிமையைத் துறப்பது என்று புரிந்துகொள்வதும் உண்டு. டான் ஹாப்கின்ஸ் ஸ்டால்மனுக்கு அனுப்பிய கடிதத்தின் உறையில் ‘காப்பிரைட்’ அறிவிப்பைத் திருப்பிப் போட்டு எழுதிய கேலியிலிருந்து ஸ்டால்மன் எடுத்துக்கொண்ட பெயர் அது. பெயர் கேலி, உள்ளடக்கம் கறார். பதிப்புரிமை இருப்பதால்தான் நிபந்தனை போட முடிகிறது. உரிமையாளர் எல்லாவற்றையும் துறந்து பொதுவில் விட்ட நிரலை யாரும் எடுத்துப் பூட்டிவைத்துக்கொள்ளலாம்; காப்பிலெஃப்ட் நிரலை அப்படிச் செய்ய முடியாது.

பதிப்பின் பெயர்கள்

சுருக்கமாக இரண்டு. உபுண்டுவின் 4.10 என்பது தசம எண் அல்ல, 2004 அக்டோபர் என்ற தேதி. 6.06 வந்தது வேலை முடியாமல் ஏப்ரலிலிருந்து ஜூனுக்குத் தள்ளிப்போனதால். டெபியன் ஒவ்வொரு பதிப்புக்கும் ‘டாய் ஸ்டோரி’ என்ற பொம்மைப் படத்தின் பாத்திரங்களைப் பெயராக வைக்கிறது. நிலையற்ற கிளைக்கு நிரந்தரமாக, அந்தப் படத்தில் பொம்மைகளை உடைக்கும் பையனான சிட்டின் பெயர். சர்வரின் அமைப்புக் கோப்பில் நீங்கள் பயன்படுத்தும் பதிப்பின் பாத்திரப் பெயரைப் போடாமல் ‘ஸ்டேபிள்’ என்று போட்டு வைத்தால், புதிய பதிப்பு வெளியான பிறகு வழக்கமான அப்டேட் செய்யும்போது சர்வர் அடுத்த பதிப்புக்குத் தாவப் பார்க்கும். வேண்டுமென்று செய்தால் சரி.

நிரலோடு பெயரும் வரும் என்று நினைப்பது

உரிமம் நிரலைத் தருகிறது. பெயரும் லோகோவும் டிரேட்மார்க் சட்டத்தில் வேறாக நிற்கின்றன. 2006-ல் டெபியனுக்கும், ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரை வெளியிடும் மொசில்லாவுக்கும் நடந்த தகராறு இதற்கு நல்ல பாடம். ஃபயர்ஃபாக்ஸ் லோகோ கட்டற்ற உரிமத்தில் இல்லை, அதனால் டெபியன் அதை நீக்கியிருந்தது. லோகோ இல்லாமல், எங்கள் ஒப்புதல் இல்லாத மாற்றங்களோடு, எங்கள் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்றது மொசில்லா. டெபியன் நிரலை வைத்துக்கொண்டு பெயரை மாற்றியது: தீக்குப் பதில் பனி, நரிக்குப் பதில் மரநாய், ஐஸ்வீசல். 2016-ல்தான் சமரசம் ஆகிப் பழைய பெயர் திரும்பியது.

ஓப்பன்ஆஃபீஸ் என்ற அலுவலக மென்பொருள் ஆரக்கிள் நிறுவனத்தின் கைக்குப் போனபின் அதைப் பிரித்து எடுத்தவர்கள் 2010 செப்டம்பரில் லிப்ரேஆஃபீஸ் ஆனார்கள். 2011-ல் ஹட்சன் குழுவினர் ஜென்கின்ஸ் ஆனதும் ஆரக்கிளிடம் இருந்த பெயர் உரிமையால்தான். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸை உருவாக்கிய மைக்கேல் வைடெனியஸ் அந்தப் பெயரை வைத்தது தன் மகள் மை நினைவாக. பிரிந்து வந்தபோது இளைய மகள் மரியாவின் பெயரில் மரியாடிபி. டெர்ராஃபார்மிலிருந்து ஓப்பன்டோஃபு, ரெடிஸிலிருந்து வால்கி என்று வரிசை நீள்கிறது. யாரும் பழைய பெயரோடு ‘புதிய’ என்றோ ‘பிளஸ்’ என்றோ ஒட்டிக்கொண்டு கிளம்பவில்லை என்பதைக் கவனியுங்கள். அப்படி ஒட்டினால் முதல் வாரமே வக்கீல் கடிதம் வரும்.

புதிதாகப் பெயர் வைப்பவர்கள் அது ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதா என்று தேட வேண்டும், குறிப்பாகக் கணினித் துறைக்குள். ஃபயர்ஃபாக்ஸ் முதலில் ஃபீனிக்ஸ். அந்தப் பெயரில் ஒரு நிறுவனம் இருந்ததால் ஃபயர்பேர்டு. அந்தப் பெயரில் ஒரு டேட்டாபேஸ் திட்டம் இருந்ததால் 2004-ல் ஃபயர்ஃபாக்ஸ்.

உங்கள் மென்பொருளின் பெயரிலேயே ‘லினக்ஸ்’ வர வேண்டுமென்றால் இன்னொரு படியும் உண்டு. 1990-களின் நடுவில் சம்பந்தமே இல்லாத ஒருவர் அந்தப் பெயரை அமெரிக்காவில் தன் டிரேட்மார்க்காகப் பதிவு செய்துவிட்டார். வழக்குக்குப் பிறகு 1997-ல் அது டோர்வால்ட்ஸ் பெயருக்கு மாறியது. இப்போது அவர் சார்பில் லினக்ஸ் ஃபவுண்டேஷன் துணை உரிமம் தருகிறது. விண்ணப்பம் போட வேண்டும், கட்டணம் கிடையாது.